கஞ்சி வீட்டில் அரைப்பேர்

அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைப்பது எனக்குப் பிறவிக் குணம். உம்மா இதற்காக என்னைத் திட்டாத நாள் கிடையாது. பதுளைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அந்த நாட்களில், எந்தக் கடைக்கு என்ன சரக்கு வந்து இறங்கியது, எந்த வண்டிக்காரன் யாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டான் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டுக் கஞ்சி வீட்டின் வரவு செலவைப் பார்த்துவரச் சொன்னார்கள். யாரும் சொல்லாமலே நான் ஓடிப்போய்ச் செய்யக்கூடிய வேலை அது.

ரயில் அப்போது பண்டாரவளை வரைதான் வந்திருந்தது. தோட்டங்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அல்லது மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். காய்ச்சல் விட்டதும் துண்டு வெட்டிவிடுவார்கள். அதாவது, நீ குணமாகிவிட்டாய், இனிப் போகலாம் என்று அர்த்தம். துண்டு வெட்டியவனுக்கு எழுந்து நிற்கத் தெம்பிருக்கும், மலை ஏறத் தெம்பிருக்காது. தோட்டத்துக்குச் சொல்லியனுப்பி ஆள் வந்து கூட்டிப்போகும்வரை கடைத்தெரு ஓரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடப்பார்கள். சிலர் அங்கேயே போய்ச் சேர்ந்துவிடுவதும் உண்டு. இதைப் பார்க்கச் சகியாமல்தான் கடைக்காரர்கள் சேர்ந்து கஞ்சி வீட்டை ஆரம்பித்தார்கள். விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சதம் தர்ம மகமை என்று உண்டியல் தகரத்தில் போட்டார்கள். வீடு என் மாமியுடையது. மாமா இருந்த காலத்தில் கோப்பிக் கொட்டை மூட்டைகளை அடுக்கிய கிட்டங்கி. கோப்பி போய்த் தேயிலை வந்தபின் சும்மா கிடந்ததை, மாமா மௌத்தான பிறகு, வாடகை வேண்டாம் என்று மாமி கொடுத்துவிட்டார்.

ஒரு சதம் போட்டவனுக்கும் ஆயிரம் கேள்வி இருக்கும் என்பதை நான் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். தன் காசில் அரிசி மட்டும்தான் வாங்க வேண்டும், விறகு வாங்கக் கூடாது என்றார் ஒருவர். அரிசியை எப்படி வேகவைப்பதாம் என்று கேட்டதற்கு, அது இன்னொருத்தர் காசில் வேகட்டும் என்றார். அங்கே இறப்பவர்களைப் போர்த்தும் கபன் துணிக்குத் தன் பணம் போகக் கூடாது, அபசகுனம் என்றார் ஒருவர். கடைசியில் பாத்திரம் தேய்க்கும் பொம்பளைக்கு யார் காசில் கூலி கொடுப்பது என்று தெரியாமல் ஒரு மாதம் முழுக்க இழுபறியாக இருந்தது. எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தாலும், கொடுத்த காசு எந்த வழியாகப் போய் யார் வயிற்றில் சேருகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கும் உண்டு. அந்தக் கேள்வி கேட்பவர்களை நான் முழுக்கக் கேலி செய்யமாட்டேன்.

கஞ்சி வீட்டைப் பார்த்துக்கொண்டவர் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர். வேலைக்கு ஆள் பிரிப்பது, வேலையை எழுதுவது என்று வாழ்நாளைக் கழித்த மனிதர். அடுப்படியில் நிற்கும்போதும் கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டார். யாராவது ஏதாவது கேட்டால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். "எழுதித்தானே குடுத்திருக்கேன், படிச்சுப் பாருங்க" என்பார். மாதம் முடிந்ததும் அரிசிக்கடை முதலாளிக்கு ஒரு துண்டுக் காகிதம் வரும். அவர்தான் தர்மத்துக்குத் தலைவர். அரிசி, உப்பு, விறகு என்று வரிசையாக இருக்கும். கீழே "முழுப்பேர் இத்தனை, அரைப்பேர் இத்தனை" என்று இருக்கும்.

முதல் மாதம் அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது, அரைப்பேர் என்றால் என்ன என்று நாங்கள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பண்டாரவளையில் போய் ரயில் ஏறினால் பெரியவனுக்கு முழு டிக்கட், பிள்ளைக்கு அரை டிக்கட். அரைப்பேர் என்றால் பிள்ளைகள். இதில் கேட்க என்ன இருக்கிறது? அரிசிக்கடை முதலாளி சத்தமாகப் படித்தார், மற்றவர்கள் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். வீட்டுக்குப் போய் மாமியிடம் சொன்னதும் நான்தான். கஞ்சி வீட்டில் பிள்ளைகளும் நிறைய வருகிறார்கள் மாமி என்றேன்.

மாமிக்கு ஒரே பிள்ளை பிறந்தது. நடக்கத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளைப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. நான் சொன்னதைக் கேட்டதும் மாமி, கையில் இருந்த வெற்றிலையை மடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் கடைப்பையனிடம் டின் பால் ஒரு பெட்டி வாங்கிவரச் சொல்லிக் கஞ்சி வீட்டுக்கு அனுப்பினார். "இது அரைப்பேருக்கு மட்டும்" என்று சொல்லிவிடச் சொன்னார். அன்று முதல் மாதா மாதம் பால் போனது. மாதா மாதம் மாமி என்னிடம் கேட்பார்: "இந்த மாசம் எத்தன அரை ஈக்கு?" நான் சொல்வேன். கேட்டுவிட்டு உதட்டை அசைத்துக்கொள்வார். துஆ ஓதுகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பெருநாள் நெருங்கியது. மாமி உட்கார்ந்து சின்னச் சின்னச் சட்டைகளாகத் தைத்து ஒரு மூட்டை கட்டி என் தலையில் வைத்தார். கஞ்சி வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அளவு சரியா என்று வந்து சொல்ல வேண்டும். போனேன். அதுவரை காகிதத்தில்தான் கணக்குப் பார்த்திருந்தேன், உள்ளே போனது அன்றுதான். முன்னறையில் நாலைந்து ஆட்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள். உள்ளறையில் இரண்டு பெண்கள் படுத்திருந்தார்கள். பின்பக்கம் அடுப்பு. பிள்ளை ஒன்றுகூட இல்லை. கணக்கப்பிள்ளை குளிக்கப் போயிருந்தார். பாத்திரம் தேய்க்கும் பொம்பளையிடம், பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன்.

"புள்ளைங்களா? இங்க ஏதுங்க புள்ளைங்க? நானும் வந்த நாளா ஒண்ணக்கூடப் பாக்கலீங்க" என்றாள்.

சாம்பல் குவியலுக்குப் பக்கத்தில் வெறும் பால் டின்கள் அடுக்கியிருந்தன. பால் செலவாகியிருக்கிறது. குடித்த பிள்ளை இல்லை. எனக்கு உடம்பு பதறியது. ஆனால் உண்மையைச் சொன்னால், பதற்றத்தைவிட ஆவல்தான் அதிகம். சட்டை மூட்டையோடு திரும்பி நேரே அரிசிக்கடைக்குப் போனேன்.

முதலாளி கேட்டுவிட்டு எழுந்தே விட்டார். "இல்லாத புள்ளைய எழுதிப் பால் குடிச்சீக்கான். கோட்டுப் போட்டவன நம்பினா இப்படித்தான். வீட்டப் பூட்டிச் சாவிய அவட கையில குடுத்துடுவோம்" என்றார். மாமியின் கையில் என்று அர்த்தம். பூட்டினால் அந்த நாலைந்து ஆட்களும் திரும்பவும் தெருவோரம்தான். உள்ளே படுத்திருந்த பெண்களில் ஒருத்தி, வெளுத்துப்போன முகத்தோடு என்னைப் பார்த்துக் கும்பிட்டது ஞாபகத்துக்கு வந்தது. அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது? பெருநாள் முடியட்டும் நானா, அதற்குள் எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்று அண்ணன் முறை வைத்துக் கெஞ்சிக் கேட்டேன். கணக்கப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அந்த நிபந்தனையால்தான் எங்களுக்கு இத்தனை சுற்று. அவரையே கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். அரிசி மூட்டை இறங்கும் நாளில் பக்கத்தில் போய் நின்றேன். கணக்கப்பிள்ளை கொத்தால் அளக்கும்போது தலைதட்டி அளக்கிறாரா, குவித்து அளக்கிறாரா என்று பார்த்தேன். தலைதட்டித்தான் அளந்தார். விறகுக்காரனிடம் பேச்சுக்கொடுத்தேன், எழுதிய விலையும் அவன் வாங்கிய விலையும் ஒன்றாக இருந்தன. உப்புக்கடையிலும் அப்படியே. கிணற்றுக் கயிறு வாங்கியதில் மிஞ்சிய ஒரு சதத்தைக்கூட வரவில் வைத்திருந்தார். வெறும் டின்களை வாங்கிக்கொண்டு போகும் தகர வேலைக்காரன் கொடுத்த சில்லறையும் வரவில் இருந்தது. திருடுகிறவன் காலி டின்னின் காசை ஏன் எழுதப் போகிறான்? எல்லாம் பொருந்தியது, பிள்ளைகள் மட்டும் பொருந்தவில்லை. இரவில் படுத்தால் அதுதான் நினைப்பு.

ஒருவேளை பிள்ளைகள் வந்து உடனே தோட்டத்துக்குத் திரும்பியிருக்கலாம் என்று தோன்றியது. துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு, கஞ்சி வீட்டுக்கு அதிகம் ஆள் அனுப்பும் தோட்டத்துக்கு ஏறினேன். பெருநாள், தீபாவளி என்றால் நாங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்குத் துணி கொண்டுபோவது வழக்கம்தான், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். லயத்தில் விசாரித்தேன். கஞ்சி வீட்டில் இருந்து வந்த பெரியவர்கள் இருந்தார்கள். அந்தக் கறுப்புக் கோட்டு ஐயாவைப் புகழ்ந்தார்கள், அவர் வாய்க்குப் பயந்ததையும் சொன்னார்கள். போய்வந்த பிள்ளை என்று ஒன்றும் இல்லை. இனி முதலாளி சொன்னதுதான் சரி என்று முடிவுசெய்துகொண்டு, இறங்குகிற வழியில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் சற்று நின்றேன். மனசே சரியில்லை.

கூடைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் நிறுத்து நிறுத்து எழுதிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளை எடுத்திருக்கக்கூடிய வயதில் ஒரு அம்மா கூடையைத் தராசில் வைத்தாள். பாதிக்கூடைதான் இருந்தது.

"ஒனக்கு இன்னிக்கு அரப்பேருதான்" என்றார் அவர், நிமிராமலே.

"மேலுக்கு முடியலீங்க ஐயா. மத்தியானம் ரெண்டு தடவ தலைய சுத்திருச்சுங்க."

"சுத்தினா? கொழுந்து கொறஞ்சா அரப்பேருதான். நகரு."

அந்த அம்மா கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பிறகு பக்கத்தில் இருந்தவனைப் பிடித்து, அரைப்பேர் என்றால் என்னப்பா என்று கேட்டேன். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்று அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு ஒரு பேர். காலையில் எல்லோரும் கூடும் பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து, வேலை முடிந்ததும் பேர் போடுவார்கள். வேலை குறைந்தாலோ, பாதியில் விட்டாலோ அரைப்பேர். அரைநாள் கூலி. இதற்கும் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இறக்கம் முழுவதும் எனக்குச் சிரிப்பு. வருஷக் கணக்காகத் தோட்டத்து ஆட்களுக்குத் துணி விற்கிறோம், அவர்கள் பாஷையில் பாதிகூட எங்களுக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே நேரே கஞ்சி வீட்டுக்குப் போய், நிபந்தனையாவது ஒன்றாவது என்று கணக்கப்பிள்ளையிடமே கேட்டுவிட்டேன். சீக்கில் படுத்திருக்கிறவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று அவர்களுக்குப் பேர் போடுகிறீர்கள்?

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேலையா? திங்கிறதுதான் இங்க வேல. ஒக்காந்து சோறு தின்னா முழுப்பேரு. சோறு எறங்காம கஞ்சித்தண்ணி மட்டும் குடிச்சா அரப்பேரு. அத வச்சுத்தானே நாளைக்கு எத்தன கொத்து அரிசி போடணும்னு தெரியும்? இதுல என்னங்க சந்தேகம்?"

"அப்ப பாலு?"

"பாலு அரப்பேருக்கு மட்டும்னு நீங்கதானே சொல்லிவிட்டீங்க? சோறு எறங்காதவங்களுக்குத்தான் கரைச்சு ஊத்துறேன். டவுன்ல ஒக்காந்திருக்கிற அம்மாவுக்கு இவ்வளவு வெவரம் இருக்கேன்னு நானே அசந்துபோனேங்க."

திருட்டு இல்லை, பொய் இல்லை, பால் போக வேண்டிய வாய்க்குத்தான் போயிருக்கிறது. அரிசிக்கடை முதலாளி கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பூட்டுகிற பேச்சை விட்டுவிட்டார். ஆனால் சிரிப்பு நின்றதும் என்னைப் பக்கத்தில் அழைத்து, "இத அவட்ட செல்ல வாணாம். அவ புள்ளையளுக்கெண்டுதான் குடுக்குறா. புள்ள இல்லண்டா பாலும் போயிரும், வீடும் போயிரும். அந்தச் சட்டையள எங்கயாவது பங்கு வெச்சுடு" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கிட்டங்கியை வாடகைக்குக் கேட்டு இரண்டு பேர் அலைந்துகொண்டிருந்தார்கள். மாமி வேண்டாம் என்றால் கஞ்சி வீட்டுக்கு வேறு கூரை கிடையாது. சட்டையைப் பற்றி ஒரு பொய், மாதா மாதம் ஒரு எண், அவ்வளவுதான் என் வேலை. எண் பொய்யும் இல்லை. ஆனால் மற்றவர்கள் காசு எங்கே போகிறது என்று இத்தனை நாள் துருவித் துருவிப் பார்த்துவிட்டு, எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவருக்கு மட்டும் அதை மறைப்பதா? அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அப்படியே போய் மாமி முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். சொல்லும்போது சிரிப்பு வரவில்லை.

"அப்ப, ஒரு புள்ளயும் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல மாமி."

"நீ எண்ணிக்க செல்லச்செல்ல நான் ஒவ்வொண்டுக்கும் ஒரு பேரு வெச்சு துஆ கேட்டனே."

அந்த உதட்டசைவு அதுதான். மாதா மாதம் நான் சொன்ன எண்ணுக்குத் தக்கபடி பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார். மாமி எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த மாதப் பால் போகவில்லை. பெருநாளும் வந்து போனது. அரிசிக்கடை முதலாளி என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. கணக்கப்பிள்ளை பாலுக்குப் பதிலாகக் கஞ்சியில் சர்க்கரை போட்டுச் சமாளிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கிட்டங்கி கேட்டவர்கள் மாமி வீட்டு வாசலுக்கு வந்தபோது, எல்லாம் என் வாயால் போயிற்று என்றே நினைத்தேன்.

அவர்கள் போனபின் மாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோபம் இல்லை. அந்த அரைப்பேர்க்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். கால் வீங்கினவன், ரத்தம் செத்து வெளுத்துப்போனவள், வயிற்றுப்போக்கில் கண் உள்ளே போனவன். எழுந்து உட்கார முடியாதவர்கள், யாராவது தலையைத் தூக்கிப் பிடித்துத்தான் ஊட்ட வேண்டும்.

"அவங்கட உம்மாமாரெல்லாம் எங்க?"

"கடலுக்கு அந்தப் பக்கம் மாமி. இந்தியாவுல. இருக்கிறாங்களோ இல்லையோ, அவங்களுக்கே தெரியாது."

மாமி வெற்றிலைத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு, "பாலுக்குச் செல்லிவிடு. வீடு யாருக்கும் குடுக்கல்ல" என்றார். நான் எழுந்து வாசலுக்கு வந்த பிறகு மறுபடி கூப்பிட்டார். "அந்தக் கணக்கப்பிள்ளட்ட செல்லு. கஞ்சி குடிச்சாலும் சோறு திண்டாலும் ஆள் ஒண்டுதானே. இனி யாரையும் அரைண்டு எழுத வாணாம்."

கணக்கப்பிள்ளை லேசில் ஒப்பவில்லை. "அப்ப அரிசிக்கணக்கு என்னாகுறது?" என்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கஞ்சி, சோறு என்று அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், ஆளை முழுசாகப் போடுங்கள் என்றேன். வீட்டைக் கொடுத்த மாமியே சொல்லிவிட்டார் என்றதும் முணுமுணுத்துக்கொண்டே பேனாவை எடுத்தார். தோட்டத்துப் பழக்கம் அவரை விடவில்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அந்த வீட்டில் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டுப் பேர் போடுவார். அன்றைக்கு என்ன நடக்கிறது பார்ப்போம் என்று நானும் நின்றேன். முன்னறையை முடித்துக்கொண்டு உள்ளறைக்கு வந்தார். என்னைக் கும்பிட்ட அந்த வெளுத்த பெண் பாயில் கிடந்தாள். பக்கத்தில் பால் டம்ளர் பாதி குடித்தபடி இருந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டு, "முழுப்பேரு" என்றார்.

அவள் பயந்துபோய் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. முழங்கையை ஊன்றிக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் இன்னிக்கு எந்திரிக்கவே இல்லீங்களே ஐயா. எனக்கு எதுக்கு முழுப்பேரு? வேற யாரோடதையாச்சும் வெட்டி எனக்குப் போட்டுட்டீங்களா?"

எதற்கும் எரிந்து விழும் மனிதர், அன்று பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அவள் பாய்க்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"இல்லம்மா. யாரோடதும் இல்ல. இது ஒன்னோட பேருதான்" என்றார்.